பள்ளி நிற்கும் நிலம் யாருடையது?

தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி ஆபீசிலிருந்து லயத்துக்கு வந்து சேர அதிக நாள் ஆவதில்லை. வந்தவுடன் நம் மக்கள் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதாம். வேலை நிலைக்குமா? வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? நஷ்டஈடு எவ்வளவு? கோயில் என்னாகும்? இவை அனைத்தும் கேட்க வேண்டிய கேள்விகளே. கோயிலுக்காக நம்மவர் காட்டும் உறுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஆபீசுக்கு அப்பால் நிற்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அது சர்க்கார் பள்ளி, சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறோம்.

அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். தமிழ்ப்பள்ளிகளில் முழு உதவி பெறும் பள்ளி என்றும், பகுதி உதவி பெறும் பள்ளி என்றும் இரு வகை உண்டு. இரண்டிலும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம், பாடத்திட்டமும் அரசாங்கத்தினுடையதே. ஆனால் பகுதி உதவி பெறும் பள்ளியின் நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமானதன்று. தோட்டத்துப் பள்ளிகளில் அது பெரும்பாலும் கம்பெனியின் நிலம். கூரை ஒழுகினாலும், மண் சரிந்தாலும், கூடுதலாக ஒரு வகுப்பறை கட்ட வேண்டுமென்றாலும் நிலத்துக்குரியவரின் சம்மதம் வேண்டும். நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை. நம் மாநிலத்தில் ஏறக்குறைய அறுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. லாபு, லின்சம், சுவா பெத்தோங் என்று அவற்றுள் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. லாபுவில் முதல் டிவிஷன், நான்காம் டிவிஷன் என்ற பெயர்கள்கூட மாறவில்லை. பெயர் நிலைத்திருப்பதைப் போல நிலமும் நிலைக்குமா என்பதே கேள்வி.

இந்த நிலை எப்படி உண்டாயிற்று? நெகிரி செம்பிலானையும் உள்ளடக்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில், பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி வைப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. துரைமார்கள் கல்வியின் மேல் ஆசை கொண்டு கட்டிய பள்ளிகள் அல்ல அவை. சட்டத்துக்கு அஞ்சி ஒரு கொட்டகையைப் போட்டார்கள். பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ தமது வேலை போக மிஞ்சிய நேரத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். (அந்தக் கிராணிமார்களைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.) 1951-இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்கே இடமில்லை என்று சொல்லிற்று. எதிர்ப்பு எழுந்தது. 1956-இல் ரசாக் அறிக்கை வந்தது; தமிழ்ப்பள்ளி நாட்டின் கல்வி அமைப்புக்குள் இடம்பெற்றது. ஆசிரியர் சம்பளமும் பாடமும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. நிலம் மட்டும் தோட்டத்தின் கையிலேயே தங்கிவிட்டது. அன்று அதைக் கேட்டு வாங்காமல் விட்டதன் வட்டியை இன்று நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் அடி ஐம்பதுகளிலேயே விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். அந்தத் துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசிஸ் 1962-இல் நூல் வெளியிட்டார். வேலையும் வீடும் போன இடத்தில் பள்ளிக்கூடம் எங்ஙனம் நிலைக்கும்? துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு மாற்றாகத்தான். மாதாமாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பாட்டாளி மக்களின் பணம் தோட்டங்களை வாங்கிற்று. நிலம் கையிலிருந்தால்தான் மற்றவை நிலைக்கும் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520-க்குச் சற்று மேல். ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை கடந்த பதினைந்து ஆண்டுகளில் எண்பதாயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை உயர்நீதிமன்றம் 2021-இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023-இல் அதை உறுதி செய்தது. நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்த முந்நூற்றுச் சொச்சம் பள்ளிகளும் நீதிமன்றத் தீர்ப்பால் மறைந்தவையா? சில அண்டைப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டன. பல, பிள்ளைகள் இல்லாமல் சத்தமின்றி மூடப்பட்டன.

சிறிய பள்ளிகளை வைத்துக்கொண்டு ஏன் மாரடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விரோதிகள் என்று தள்ளிவிட முடியாது. 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. அதற்கும் வெகு கீழே, இருபது முப்பது பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகளும் உண்டு. இரண்டு வகுப்புகளை ஓர் அறையில் உட்கார வைத்து ஓர் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். பந்து விளையாட இரண்டு கட்சி சேராது. தோட்டத்தில் இப்போது வேலை செய்வோரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் போர்ட்டிக்சனுக்கும் போய்விட்டன. பிள்ளைகள் போன இடத்துக்குப் பள்ளியும் போகட்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பழைய பள்ளியின் அனுமதி ரத்தாகாமல், புதிய பட்டணத்தில் நிலமும் கட்டடமும் தயாரான பிறகே இடம் மாற வேண்டும். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் வசதி வேண்டும். விடியுமுன்னே பால்மரம் சீவப் போகும் தாய் எட்டு மைல் தூரத்துக்குப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் விடுவாள்? 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு ஐயாயிரம் வெள்ளி வரை அபராதமோ சிறையோ உண்டு. பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டத்துக்கு ஈடாக, பள்ளியைப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் வைக்கும் கடமையும் ஒருவருக்கு இருக்க வேண்டாமா?

நிலத்துக்கு வருவோம். கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். ஆகையால் கோலாலம்பூரில் மனுக் கொடுத்தால் சிரம்பானுக்குப் போகச் சொல்வதும், சிரம்பானில் கேட்டால் கோலாலம்பூரைக் காட்டுவதும் எளிதாகிவிடுகிறது. தோட்டத்தை வீட்டுமனையாக மாற்ற மாநிலத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கொடுக்கும் வேளைதான் பள்ளிக்குரிய நிலத்தைப் பிரித்து எழுதிக்கொள்ளத் தக்க வேளை. பள்ளி நிலத்தைத் தனிப் பத்திரமாக்கி மத்திய அரசாங்கத்தின் பெயருக்கு மாற்றாத வரை நிலமாற்றத்துக்கு அனுமதி இல்லை என்று மாநில அரசாங்கம் விதிக்க வேண்டும். அப்படி மாறினால் பள்ளி முழு உதவி பெறவும் வழி பிறக்கும். தோட்டம் விற்றுப் போன பிறகு புது முதலாளியிடம் போய்க் கைகட்டி நிற்பதில் பயனில்லை.

இனிக் கிராணிமார்கள். நம் பத்திரிகையை வாசிப்பவர்களே என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறோம். தோட்டத்துக் கிராணி தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பினால் மறு வருஷம் மண்டோரும் அனுப்புகிறார். அதற்கடுத்த வருஷம் சங்கக் கிளைத் தலைவரும் அனுப்புகிறார். காரணம் இல்லாமல் அல்ல. மலாய் மொழியில் தேர்ச்சி போதாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போகையில் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க வேண்டியிருந்ததைப் பெற்றோர் மறக்கவில்லை. மலாயும் ஆங்கிலமும் நன்றாகக் கற்றுக் கொடுக்காத பள்ளியைத் தமிழின் பெயரால் மட்டும் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதைத் தலைமையாசிரியர்களும் உணர வேண்டும். ஆனால் கணக்கு எழுதத் தெரிந்தவர், கடிதம் எழுதத் தெரிந்தவர், நில அலுவலகத்தில் பேசத் தெரிந்தவர் எல்லாரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைவிட்டு விலகிப்போனால் அந்தப் பள்ளிக்காக மனு எழுத யார் இருக்கிறார்கள்? பள்ளியில் பாலர் வகுப்பு இல்லாதது இன்னொரு பெருங்குறை. ஐந்து வயதில் வேறிடத்துக்குப் போன பிள்ளை ஏழு வயதில் திரும்பி வருவது அரிது.

ஒவ்வொரு கிளையும் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தோட்டத்துப் பள்ளி முழு உதவி பெறுவதா, பகுதி உதவி பெறுவதா? நிலம் எத்தனை ஏக்கர், யார் பெயரில்? ஒன்றாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள், பாலர் வகுப்பு உண்டா? தலைமையாசிரியரிடமும் நில அலுவலகத்திலும் கேட்டறிந்து, தோட்டத்துக் கிராணி ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு எழுதி, சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். விற்பனைப் பேச்சு நடக்கும் தோட்டத்தார் கூட்டம் வரையில் காத்திராமல் இந்த வாரமே அனுப்புங்கள்.