சாரல் சீசனில் அந்த பட்டனைத் தொடலாமா?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் சீசன். தென்காசி, செங்கோட்டை சாலைகளில் கார்கள் வரிசைகட்டும். இப்போதைய கார்கள் பலவற்றில் 'டிராக்‌ஷன் கன்ட்ரோல்' இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் 3 ஸ்டாராவது வாங்க, வண்டி நிலைதடுமாறாமல் பிடிக்கும் இஎஸ்சி கட்டாயம். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

ஈரத்தில் டயர் வீணாகச் சுழன்றால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்ஜின் இழுவையைக் குறைக்கும். சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். 'பிக்கப் குறையுதே'ன்னு இதை ஆஃப் செய்பவர்கள் உண்டு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் மலைப்பாதையில் அந்த வேலையே வேண்டாம். ஈரமான வளைவில் டயர் வழுக்கினால் வண்டியைப் பிடிப்பது கஷ்டம்.

அப்போ எதுக்கு அந்த பட்டன்? மண்தரை பார்க்கிங்கில் சக்கரம் சேற்றில் சிக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் நகராதபோது உதவும். சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் சேற்றை உதறிவிட்டு வெளியே வரும். ஆஃப் பண்ணிட்டு, மெதுவா முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்க. தார் ரோடு ஏறியதும் மறக்காம ஆன் செய்துடுங்க. டேஷ்போர்டில் 'ஆஃப்' விளக்கு அணைந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: டயர் தேய்ந்திருந்தால் எந்த கன்ட்ரோலும் காப்பாற்றாது. கிளம்பும் முன் அதைப் பாருங்க!