எஞ்சினைப் பழிக்குமுன்

மதுரை வட்டாரத்து மல்லிகைச் சாகுபடியாளருக்கு விடியற்காலையின் ஒவ்வொரு நிமிஷமும் பணமாகும். பறித்த மொட்டு மலர்வதற்குள் மாட்டுத்தாவணிச் சந்தையை அடைதல் வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை இறங்கிவிடும். நெசவாளருக்கோ, சங்கத்திலிருந்து பெற்ற பாவும் ஊடை நூலும் உரிய வேளையில் வீடு சேராவிடில் தறி நின்றுவிடும். இவ்விரு சாராருக்கும் வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் சுமை தாங்கும் ஊழியனாக விளங்கி வருவது மொபெட் வண்டியே.

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த நாள்முதல் நம் கிராமங்களில் பரவியவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிய மொபெட்டுகளாகும். 2015-இல் அதே நிறுவனத்தின் ஃபோர்-ஸ்ட்ரோக் மொபெட் சந்தைக்கு வந்தது. எனினும், பழைய வண்டிகளை இன்றும் ஓட்டும் அங்கத்தினர் பலர் உளர். அவர்களுள் சிலர், வண்டி வழியில் இரண்டொரு முறை நின்றவுடனேயே, வீட்டு நகையை அடகு வைத்துப் புதிய வண்டி வாங்க முற்படுகின்றனர். இஃது அவசர முடிவு என்பதே எனது அபிப்பிராயம். கணக்கில் வித்தியாசம் காணுமிடத்து, தணிக்கையாளர் முதலில் ரசீதையும் பேரேட்டையும் ஒப்பிடுவாரேயன்றி, எடுத்த எடுப்பில் சங்கத்தைக் கலைக்கச் சிபாரிசு செய்யமாட்டார். எஞ்சினுக்கும் அந்நீதியை வழங்குவோமாக.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய்க்கெனத் தனித் தேக்கம் கிடையாது. பெட்ரோலோடு கலந்த டூ-டி ஆயிலே உள்ளுறுப்புகளுக்கு உயவாகிறது. ஆதலின் பெரும்பாலான தொல்லைகள் கலவையிலிருந்தே தொடங்குகின்றன. 50-க்கு 1 என்ற விகிதமாயின் லிட்டருக்கு 20 மில்லியும், 40-க்கு 1 ஆயின் 25 மில்லியும் வேண்டும். தம் வண்டிக்கு எவ்விகிதம் என்பதைக் கையேட்டில் பார்த்தறிக. குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் பிளக்கில் கரி படியும். கண்ணளவாக ஊற்றுவதும், தொட்டியில் தனித்தனியே ஊற்றிவிட்டுக் குலுக்காமற் செல்வதும் தவறாகும். வேறொரு கலத்தில் கலந்த பின்னரே தொட்டியில் ஊற்றுதல் வேண்டும்.

2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையது. நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். அவ்வடுக்கில் உயவெண்ணெயும் இராது. பழைய ரப்பர்க் குழாய்களும் இதனாற் பழுதுறக்கூடும். எனவே, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவதே நலம்.

வண்டி நன்கு கிளம்பிச் சிறிது தூரத்தில் நின்றுவிடுகிறதா? உடனே தொட்டி மூடியைத் திறந்து, மீண்டும் உதைத்துப் பார்க்க. கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்பது பொருள். ஓர் ஊசியாற் தீரும் குறை அது! கிளம்பாவிடில் பிளக்கைக் கழற்றி நோக்குக. இளம் பழுப்பு நிறம் சுகத்தின் அறிகுறி. கறுத்து ஈரமாயிருப்பின் எண்ணெய் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளுத்து வறண்டிருப்பின் கலவையிற் பெட்ரோல் குறைவு. திருமங்கலம் பக்கத்துக் கரிசற் புழுதியில் ஓடும் வண்டிக்கு வடிகட்டியை அடிக்கடி துப்புரவு செய்தல் இன்றியமையாதது. சூடேறியபின் பொறி வராமல், ஆறியபின் வருமாயின், மின்சுருளையோ அதனைச் சார்ந்த பாகத்தையோ ஐயுறுக.

இழுவை படிப்படியாகக் குன்றினால் சைலன்சரிலும் புகை வெளிப்படும் வாயிலிலும் கரி அடைத்திருக்கலாம். கைப்பிடியைத் தளர்த்திய பின்னும் எஞ்சின் தானே விரைந்தோடினால், கிராங்க் அறையின் சீல் வழியே காற்றுப் புகுகிறதா எனச் சோதித்தல் அவசியம். அந்நிலையில் ஓட்டினால் பிஸ்டனுக்கே சேதம். இங்கு மெக்கானிக்கின் துணையை நாடுவதே முறை. எதைச் செய்யினும் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. பிளக்கு, கார்புரேட்டர், சுருள் மூன்றையும் ஒருங்கே மாற்றினால், பணம் போனதன்றிக் குறை எதுவென்று தெரியாது.

இவ்வெஞ்சின்கள் புகை மிகுதியாகக் கக்குவன. என்றேனும் விடை பெறவேண்டியவையே என்பதை மறுப்பதற்கில்லை. பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து, பழுதுச் செலவு வண்டியின் விலையை நெருங்குமாயின், புதியது வாங்குதலே சிக்கனம். ஆயினும் அம்முடிவு சோதனைக்குப் பின் வருதல் வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. மில்லி குறித்த அளவுக் குவளை, கலவைக்கான தகரக்கலம், பிளக் சாவி, கம்பித் தூரிகை ஆகியவற்றைச் சங்கக் கிடங்கில் பொதுவில் வைக்கலாம். அருகில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். எவ்வண்டி எங்கு நின்றது, எதனாற் சரியாயிற்று என்று அங்கத்தினர் எழுதி வருவாராயின், ஒருவர் கண்டறிந்தது அனைவருக்கும் பயன்படும். ஒருவர் அனுபவத்தைப் பலருக்கு உடைமையாக்குவதும் கூட்டுறவேயாகும்.