பொம்மை என்னும் வகைப்பாடு

சுங்கவரி அட்டவணையில் 9503 என்றொரு தலைப்பு உண்டு. மூன்று சக்கரச் சைக்கிள், பொம்மைத் தள்ளுவண்டி, புதிர் அட்டை ஆகியவற்றோடு, அளவு குறைத்துச் செய்யப்படும் மாதிரிகளும் அதே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரியை இந்திய அரசு 2020 பிப்ரவரியில் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தியது; 2023இல் அது 70 விழுக்காடாயிற்று. குழந்தையின் கையிலிருக்கும் மரப்பாச்சியும், பாறைமேல் ஏறும் ரேடியோ கட்டுப்பாட்டு வண்டியும் அந்த அட்டவணையின் பார்வையில் ஓரினம். வரி விதிப்போர்க்கு இந்த வகைப்பாடு போதுமானதாக இருக்கலாம். பொறியியல் கல்லூரிகளும் இதையே கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருப்பதுதான் விவாதத்துக்கு உரியது.

'ராக் கிராலர்' எனப்படும் வண்டிக்கு வேகம் முக்கியமில்லை. மனிதர் நடக்கும் வேகத்தில் பாறைகளையும் வேர்களையும் பற்றி ஊர்ந்து ஏறுவதே அதன் வேலை. பெரும்பாலும் அது உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவினது. அதை அடைய இரு வழிகள் உள்ளன. வெளிநாட்டுக் கிட் ஒன்றை வாங்கி, கையேட்டின்படி திருகுகளை முடுக்குவது முதல் வழி. முழுவதையும் தாமே செய்துகொள்வது இரண்டாவது வழி. சேசிஸுக்கு அலுமினியப் பட்டை, மேற்கூட்டுக்குச் சன்போர்டு, இணைப்புத் தண்டுகளுக்குச் சைக்கிள் ஸ்போக், வளைவுகளை நிரப்ப எம்-சீல். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை, மும்பை லாமிங்டன் சாலை போன்ற இடங்களில் தேடி எடுக்கும் மோட்டாரும் சர்வோவும். கிட்டின் விலை எட்டாத மாணவருக்கு இந்த இரண்டாம் வழியே வாய்க்கிறது. கல்வி நிகழ்வதும் இந்த வழியில்தான்.

இந்தியச் சாலைகளில் 1985இல் இறங்கிய மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்ளலாம். அதன் முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2,375 மி.மீ.; மாதிரியில் 237.5 மி.மீ. இதுவரை கணக்கு எளிது. வண்டியின் எடை ஏறத்தாழ 985 கிலோ. நீளம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். அதாவது மாதிரி ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது. பேட்டரி, மோட்டார், சர்வோ, உலோக அச்சுகள் ஆகியவற்றைப் பொருத்தி முடிக்கும்போது எடை இரண்டு, மூன்று கிலோவைத் தொட்டுவிடுகிறது. டயரும் அவ்வாறே. ஜிப்சியின் டயர் ஏறத்தாழ 67 செ.மீ. விட்டமுடையது, மாதிரியில் 67 மி.மீ. ஒரு செங்கல்லின் உயரம்கூட இல்லாத அந்தச் சக்கரம் பாறையில் ஏறுவது அரிது. ஆகவே 100 மி.மீ. டயரைப் பொருத்துகிறார்கள். உண்மை வண்டியில் அது ஒரு மீட்டர் விட்டமுள்ள டயருக்குச் சமம். அதற்கு இடம்தர மட்கார்டை வெட்ட வேண்டும், வண்டியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் எளிதில் கவிழும். எந்த அளவுக்கு உண்மையாக இருப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்னும் கேள்வி முதல் வாரத்திலேயே எழுந்துவிடுகிறது. ஒரு கவிதையை மொழிபெயர்ப்பவர் ஓசைக்கும் பொருளுக்கும் இடையே எதிர்கொள்ளும் நெருக்கடியும் இத்தகையதே.

நீளத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க இயலாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 விநாடி ஆகிறது, 10 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதற்கு 0.14 விநாடி போதும். பாறையிலிருந்து இறங்கும் மாதிரி வண்டி வெடுக்கென்று துள்ளிப் 'பொம்மைத்தனமாக'த் தோன்றுவதற்கு இந்த மும்மடங்கு வேறுபாடே காரணம். அதைத் தணிக்க ஷாக் அப்சார்பரில் அடர்த்தியான சிலிக்கான் எண்ணெயை ஊற்றுகிறார்கள். பாடநூலில் 'தணிப்பு' என்று ஒரு சமன்பாடாக மட்டுமே அறிமுகமாகும் கருத்து, இங்கே விரலில் ஒட்டும் எண்ணெயாக வந்து நிற்கிறது.

டிஃபரன்ஷியலின் கதை இன்னும் சுவையானது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட இடம்தருவது அது. பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், அதே ஏற்பாடு வினையாகிறது: தூக்கிய சக்கரம் வெறுமனே சுழல, தரையைப் பற்றிய சக்கரம் அசையாமல் நிற்கும். ஆகவே கிராலர் செய்பவர் அதைப் பூட்டிவிடுகிறார். இரு சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். வண்டி பாறையில் ஏறும். திரும்பும்போது டயர் தரையில் தேய்ந்து இழுபடும்; திரும்புவதற்கு வேண்டிய இடமும் கூடும். ஒரு நன்மைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுப்பதுதான் வடிவமைப்பு.

கணக்கு இல்லாமலும் இது நடவாது. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் மோட்டாரை 40:1 என்ற கியர் விகிதத்தில் தணித்தால் சக்கரம் 250 சுற்று சுழலும். 100 மி.மீ. டயருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 4.7 கி.மீ.; மனிதரின் நடை வேகம். இடவலச் சக்கரங்களின் நடுத்தூரம் 130 மி.மீ. என்றும், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 65 மி.மீ. உயரத்தில் உள்ளது என்றும் கொண்டால், வண்டி 45 பாகைச் சாய்வு வரை பக்கவாட்டில் கவிழாது. மையம் 80 மி.மீ.க்கு உயர்ந்தால் அந்த எல்லை 39 பாகையாகச் சுருங்கும். பேட்டரியைக் கூரைக்கு அருகில் வைப்பதா, சேசிஸின் அடியில் வைப்பதா என்பதற்கான விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. ஒரு பலகையின் மேல் வண்டியை நிறுத்தி மெல்லச் சாய்த்தால் விடை சரியா என்பதும் தெரிந்துவிடும்.

இத்தனையும் அடங்கிய ஒரு வேலையை இறுதியாண்டுத் திட்டப்பணியாக முன்மொழியும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, 'இது விளையாட்டு' என்பது. தமிழில் 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால், சொன்னதற்குப் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். அந்தப் பொருள்தான் துறைத்தலைவரின் மேசையிலும் செயல்படுகிறது. அதே மேசையில், விலைக்கு வாங்கப்பட்ட திட்டப்பணிகள் தடையின்றி நகர்கின்றன. கல்லூரிகள் மிகுந்த நகரங்களில் திட்டப்பணிகளை அறிக்கையோடு சேர்த்து விற்கும் கடைகள் இருப்பதை அறியாத பேராசிரியர் அரிது. அவற்றின் தலைப்புகள் கனமானவை; யாரும் அவற்றை விளையாட்டு என்று சொல்வதில்லை. நீதி ஆயோகின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், 2016 முதல், 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவர்களைத் தம் கையால் செய்து பார்க்க அழைக்கிறது. பள்ளியில் ஊக்குவிக்கப்பட்ட கை, பொறியியல் கல்லூரிக்கு வந்தபின் கட்டிப்போடப்படுகிறது.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. 'இதில் புதுமை என்ன?' என்பது முதலாவது. இளநிலை ஆய்வகத்தில் செய்யப்படும் எந்தச் சோதனையும் புதியதன்று. அறிந்த உண்மையைத் தானே கண்டடைவதுதான் அங்கே பயிற்சி. 'காணொளியைப் பார்த்துச் செய்தது' என்பது இரண்டாவது. பேட்டரி ஏன் முன்னால் இருக்கிறது, டிஃபரன்ஷியலை ஏன் பூட்டினாய் என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். மூன்றாவது வாதம் வலுவானது. கைத்திறனைப் போற்றுவது கோட்பாட்டைத் தவிர்ப்பதற்கான சாக்காகிவிடலாம். வெட்டிப் பார்த்து, ஒட்டிப் பார்த்து, ஒரு கணக்கும் போடாமலே நன்றாக ஓடும் வண்டியைச் செய்துவிட முடியும். அத்தகைய வண்டிக்குப் பாராட்டு தரலாம், பட்டத்துக்கான மதிப்பெண் தரலாகாது.

எனவே மதிப்பிட வேண்டியது வண்டியின் அழகையோ அது ஏறிய பாறையின் உயரத்தையோ அன்று. செய்பவர் தொடக்கம் முதல் எழுதிவரும் குறிப்பேட்டை மதிப்பிட வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் உண்மை அளவு, மாதிரி அளவு, விலகல், விலகலுக்கான காரணம் என நான்கு பத்திகள் அதில் போதும். முன்கூட்டிக் கணித்த சாய்வெல்லையும் பலகைமேல் அளந்த சாய்வெல்லையும் அருகருகே இருக்க வேண்டும். வேறுபட்டால் ஏன் என்று ஒரு பக்கம் எழுதப்பட வேண்டும். உடைந்த பாகங்களையும் ஒப்படைக்கச் சொல்லலாம். விற்பனைக் கடைகளால் அறிக்கையை அச்சிட்டுத் தர முடியும். ஆறு மாதத் தவறுகளை மாணவரின் நினைவில் அச்சிட்டுத் தர முடியாது.

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. லேத்தும் துளைக்கருவியும் பெரும்பாலான கல்லூரிப் பட்டறைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. திட்டப்பணிகளுக்கான விதிமுறையில் 'அளவு மாதிரி வடிவமைப்பு' என்று ஒரு வகையைச் சேர்க்கத் துறைக்குழுவின் ஒரு கூட்டம் போதும். சுங்கத்துறை 9503ஐ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பல்கலைக்கழகத்தின் வகைப்பாடு பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது.