எலியின் புண்ணும் மனிதனின் புண்ணும்

மயிலாப்பூர் கச்சேரி ரோடு நாட்டு மருந்துக் கடைகளில் அதிமதுரம் வாங்குவோரில் வயிற்றுப் புண்காரர்களும் உண்டு. "மூலிகை புண்ணைத் தடுக்கும் என்று சோதனைச் சாலையிலேயே நிரூபித்துவிட்டார்களே!" என்பார்கள். நிரூபித்தது எதை?

பட்டினி போட்ட எலிக்கு முதலில் மூலிகைச் சாறு புகட்டுகிறார்கள். சற்று நேரம் கழித்துக் கடும் சாராயமோ ஆஸ்பிரினோ கொடுக்கிறார்கள். பிறகு எலியைக் கொன்று, இரைப்பையைத் திறந்து, புண்களை அளக்கிறார்கள். சாறு குடியாத எலியைவிடப் புண் குறைந்திருந்தால், மூலிகை காத்தது என்பது முடிவு.

அதாவது, இது வருமுன் காப்பு. நமக்கோ புண் வந்த பிறகுதான் மருந்து நினைவு வருகிறது! மேலும், மனிதனின் புண்ணுக்கு முக்கிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. 1982-ல் அதை வளர்த்துக் காட்டிய ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷலும் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். மேற்படி எலிச் சோதனையில் அந்தக் கிருமியே கிடையாது.

அப்படியானால் மூலிகை ஆராய்ச்சி வீணா? அதுவும் தவறு. அதிமதுரச் சத்திலிருந்து செய்த கார்பெனாக்ஸலோன் என்ற மருந்து, 1960-களில் பிரிட்டனில் நோயாளிகளின் இரைப்பைப் புண்ணை ஆற்றியது. கூடவே சிலருக்கு உடலில் நீர் தங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் குறைந்தது. நன்மை, தீமை இரண்டும் தெரிந்தது மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான்.

ஆகவே, ரத்தக் கொதிப்புக்காரர்கள் அதிமதுரத்தை வழக்கமாக உண்ணுமுன் யோசிக்க வேண்டும். வயிறு ஓயாமல் எரிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, கடைக்கு முன் டாக்டரிடம் போவதே முறை.