பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டறை!
சிறுவர் சிறுமியர் கையில் ஒயரும் பாட்டரியும்

பள்ளிக்கூடம் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? கரும்பலகை, புத்தகம், பரீட்சை!

இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்து இருக்கிறது. அதுதான் பட்டறை.

இரும்பு அடிக்கும் பட்டறை அல்ல. பாட்டரி, ஒயர், சின்னஞ்சிறு விளக்கு, மோட்டார் ஆகியவற்றை வைத்து, பிள்ளைகள் தங்கள் கையாலேயே கருவிகள் செய்து பழகும் பட்டறை. "அடல் டிங்கரிங் லேப்" என்று அதற்குப் பெயர்.

2016-ம் ஆண்டில் நிதி ஆயோக் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவிகளுக்காக ஏற்பட்டது இது. நாடு முழுவதும் சுமார் 10 ஆயிரம் பள்ளிக்கூடங்களில் இந்தப் பட்டறைகள் வந்தன. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களும் அவற்றில் உண்டு.

2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் இன்னொரு அறிவிப்பு வந்தது. 5 ஆண்டுகளில் மேலும் 50 ஆயிரம் பட்டறைகள். எல்லாம் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில்!

கூலி வேலை செய்பவரின் மகளும், மீனவரின் மகனும் படிக்கும் பள்ளிக்கூடங்கள் அவை. ஆகவே, இது நம் வீட்டு விஷயம். பலன் கிடைக்குமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கையால் செய்தால் என்ன லாபம்?

"மின்சாரம் ஒரு வட்டப் பாதையில் ஓடும்" என்று புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை அதை நெட்டுருப் போடலாம். மார்க்கும் வாங்கலாம்.

ஆனால், எல்.இ.டி. என்னும் சிறு விளக்கைப் பாட்டரியில் மாட்டிப் பார்க்கட்டும். விளக்கு எரியவில்லை. ஏன்? பிள்ளை யோசிக்கிறது. விளக்குக்கு இரண்டு கால்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. திருப்பி மாட்டுகிறது. எரிகிறது!

மின்சாரம் அந்த விளக்கில் ஒரு பக்கமாகத்தான் போகும் என்பதை இனி அந்தப் பிள்ளை மறக்குமா?

தவறு எங்கே என்று தேடுவதுதான் இங்கே பாடம். பரீட்சையில் தவறு செய்தால் மார்க் போகும். பட்டறையில் தவறு செய்தால் அறிவு வரும்.

சீமோர் பேப்பர்ட் என்ற கல்வி நிபுணர், குழந்தைகளுக்கான "லோகோ" என்ற கம்ப்யூட்டர் மொழியை 1967-ம் ஆண்டில் தன் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியவர். பிறருக்குக் காட்டக்கூடிய ஒரு பொருளைத் தானே செய்யும்போதுதான் குழந்தை நன்றாகக் கற்கிறது என்பது அவருடைய கொள்கை.

தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும்!

ஓர் உதாரணம் பாருங்கள். மோட்டாரைப் போட்டு விட்டு மறந்து விடுகிறோம். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. இதற்கு 12 வயதுப் பிள்ளையே ஒரு கருவி செய்து விடலாம்.

9 வோல்ட் பாட்டரி ஒன்று. ஒலி எழுப்பும் பஸ்ஸர் ஒன்று. ஒரு டிரான்சிஸ்டர். ஒரு ரெசிஸ்டர். இரண்டு ஒயர்கள். இவ்வளவுதான் சாமான்.

ஒயர்களின் நுனியைத் தொட்டியின் மேல் விளிம்பில் நிறுத்த வேண்டும். தண்ணீர் அங்கே வந்ததும், அதன் வழியாக மிகச் சிறிய மின்சாரம் ஓடும். பஸ்ஸர் ஒலிக்க அது போதாது. டிரான்சிஸ்டர்தான் இங்கே மடைபோல் வேலை செய்கிறது. சிறிய மின்சாரம் மடையைத் திறக்கிறது. பெரிய மின்சாரம் பாய்கிறது. பஸ்ஸர் அலறுகிறது!

பிறகு பிள்ளை கேட்கும்: "உப்புத் தண்ணீரில் என்ன ஆகும்? சுத்தம் செய்த தண்ணீரில் என்ன ஆகும்?" அப்போதே ரசாயன பாடமும் தொடங்கி விடுகிறது.

இங்கிலாந்து செய்தது என்ன?

2016-ம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் பிரிட்டனில் "மைக்ரோபிட்" என்ற சிறு கம்ப்யூட்டர் பலகையை, 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. சுமார் 10 லட்சம் பலகைகள்! உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பலகையில் 25 சிறு விளக்குகளும் 2 பொத்தான்களும் இருக்கின்றன.

அங்கே, ஆளுக்கு ஒரு பலகை. இங்கே, பள்ளிக்கு ஒரு பட்டறை. நம் நாட்டின் பிள்ளைகள் தொகைக்குப் பட்டறைதான் தோதானது. ஆனால், அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பட்டறையின் சாவி ஒருவர் கையில் இருக்கிறதே!

பணக் கணக்கு

முதலில் வந்த பட்டறைகளுக்கு, பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்பட்டது. 10 லட்சம், சாமான் வாங்கி அமைக்க. மீதி 10 லட்சம், 5 ஆண்டுகளுக்கு நடத்த. அதாவது, நடத்தும் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம்.

பள்ளியில் 500 பிள்ளைகள் என்று வைத்துக் கொள்வோம். தலைக்கு 400 ரூபாய் வருகிறது. மேலே சொன்ன தொட்டி மணிக்கு இது தாராளம்.

ஆகவே, எளிய வேலைகளுக்குப் பணம் தடை அல்ல. வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, இதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர். மற்றொன்று, வாராந்தர அட்டவணையில் இதற்கென்று ஒரு மணி நேரம். விளக்கு ஒன்று கருகினால் "யார் கணக்குச் சொல்வது?" என்று ஆசிரியர் பயந்தால், சாமான்கள் பீரோவில்தான் தூங்கும். பழுதாவதற்கும் சேர்த்துத்தான் பணம் என்று மேலதிகாரிகள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் கவனிக்க!

"ஷாக் அடிக்காதா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அதில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது. இந்தப் பாடத்துக்கு 3 வோல்ட், 9 வோல்ட் பாட்டரியே போதும்.

பொத்தான் வடிவ பாட்டரிகளைச் சிறு குழந்தைகள் விழுங்கி விட்டால் உயிருக்கு ஆபத்து. அவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். பற்ற வைக்கும் சூட்டுக்கோலைப் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் தொட விடாதீர்கள். ஈயம் கலந்த பற்றாசைத் தொட்டால் கை கழுவ வேண்டும்.

இன்னொன்று. பையன் ஒயரைப் பிடிப்பான், பெண் நோட்டில் எழுதுவாள் என்ற ஏற்பாடு வேண்டாம். இருவர் கையிலும் ஒயர் இருக்கட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "எங்கள் பள்ளிக்குப் பட்டறை உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால், "இந்த மாதம் என் பிள்ளை அதில் என்ன செய்தது?" என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியை 10 பெற்றோர் கேட்டால் போதும். பூட்டு தானே திறக்கும்!