கருஞ்சீரகமும் காக்காவின் மாத்திரையும்

 

இம்மாதம் ஒரு பிழையைச் சொல்லியே தொடங்க வேண்டியவனாக இருக்கின்றேன். பிழை என்னுடையது.

எங்கள் மஹல்லாவில் மளிகைக் கடை நடத்தும் பெரியவர் ஒருவரை நான் காக்கா என்று அழைப்பேன். என்னிலும் இருபது வயது மூத்தவராயினும் அவர் என்னை ஹஜ்ரத் என்றே அழைப்பார். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளியில் நான் நடத்தும் வகுப்புக்குத் தவறாது வருபவர். ஒரு நாள் கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றிப் பேசினேன். மரணம் நீங்கலாக எல்லா நோய்க்கும் அதில் ஷிஃபா உண்டு என்னும் கருத்தமைந்த ஹதீஸ், ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருப்பதை நீங்களும் அறிவீர்கள். அதைச் சொன்னேன், விளக்கவில்லை. பாங்கு ஒலித்தது, எழுந்துவிட்டோம்.

நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு வாரமாகக் காக்காவை வகுப்பில் காணவில்லை. இல்லம் சென்று பார்த்தேன். இடக்காலில் பெரிய கட்டு. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு உட்கொண்டு வந்த மாத்திரையை அந்த வகுப்பு நடந்த மறுநாளே நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் கருஞ்சீரகப் பொடியைத் தேனில் குழைத்து உண்டு வந்திருக்கின்றார். அளவு, கை கொண்ட அளவு. செருப்புக் கடித்த சிறு புண் ஆறாமற் போய், சுண்டுவிரலை எடுக்க நேர்ந்துவிட்டது.

“நீங்கதானே ஹஜ்ரத் சொன்னீங்க” என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உறங்கவிடவில்லை. “குணமாகலையே, நம்ம ஈமான்லதான் குறையோன்னு நெனச்சுக்கிட்டேன்.”

நான் கலைப் பட்டம் பெற்றவன், மருத்துவம் கற்றவனல்லன். எனினும் அன்றிரவே கிதாபுகளை எடுத்தேன். அந்த ஹதீஸை அறிஞர்கள் எவ்வாறு விளங்கினர் என்பதை வகுப்புக்கு முன்பே நான் பார்த்திருக்க வேண்டும். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபி, ‘எல்லா நோய்’ என்பது பொதுச் சொல்லாயினும் அது குறிப்பது குறிப்பிட்ட வகை நோய்களையே, குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வருபவற்றையே, என்று விளக்கியிருக்கின்றார். ஒரே மருந்து எல்லா உடலுக்கும் எல்லா நோய்க்கும் பொருந்தாது என்பது அவர் காலத்து மருத்துவமும் அறிந்த செய்தி. புகாரியிலேயே அந்த ஹதீஸை ஒட்டி ஒரு நிகழ்ச்சியும் வருகின்றது. பயணத்தில் நோயுற்ற ஒருவரைக் காண வந்த இப்னு அபீ அதீக் அவர்கள், ஐந்து அல்லது ஏழு விதைகளை நசுக்கி, எண்ணெயுடன் மூக்கின் இரு துளைகளிலும் சொட்டுச் சொட்டாக விடும்படி சொல்கின்றார். ஐந்து அல்லது ஏழு! எண்ணிக்கை, செய்முறை, இடம் மூன்றும் வரையறுத்துச் சொல்லப்பட்டுள்ளன. நம்மவர் கரண்டி கரண்டியாக அள்ளுவது எங்கிருந்து வந்த வழக்கமோ!

அவ்வாறாயின் சர்க்கரைக்கும் கருஞ்சீரகத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. 2010ஆம் ஆண்டு சவூதி அரேபியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளர் 94 பேரை மூன்று குழுவாக்கி, நாளொன்றுக்கு 1, 2, 3 கிராம் என்று கருஞ்சீரகம் கொடுத்து மூன்று மாதம் கவனித்தனர். 2 கிராம் உட்கொண்டோருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவும் நன்கு குறைந்தன. 3 கிராம் உட்கொண்டோர் அதனினும் கூடுதலாக எப்பயனும் பெறவில்லை. இதனினும் முக்கியமானது, அவர்கள் அனைவரும் தத்தம் மாத்திரைகளை உட்கொண்டவாறே கருஞ்சீரகத்தையும் சேர்த்துக்கொண்டனர் என்பது. மாத்திரைக்குத் துணையாக வந்தது, மாற்றாக வரவில்லை. காக்கா செய்தது இதன் நேர் எதிர். போதாததற்குத் தேன் வேறு.

வெந்தயத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. அதன் நார்ப்பொருள் நீரை ஈர்த்துக் கூழாகிக் குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும். மலச்சிக்கலுக்கும் நல்லது. ஆனால் 1990இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில் நாளொன்றுக்குக் கொடுக்கப்பட்டது எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடி 100 கிராம். நோன்புக் கஞ்சிப் பானையில் நம் பெண்கள் இடும் ஒரு பிடி வெந்தயம் வயிற்றுக்கு இதம். அதை மருந்தென்று கணக்கிட்டு, இஃப்தாரில் சமோசாவை இரட்டிப்பாக்க வேண்டாம்.

கருஞ்சீரகம் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். வெங்காய விதையும் பார்வைக்கு அதுவே போலிருக்கும். இரு விரலால் நசுக்கி முகர்ந்தால், ஓமத்தை நினைவூட்டும் காரமணம் வருவதே கருஞ்சீரகம். பிரியாணிக்கு இடும் ஷாஜீரா வேறு. பழையதாகி மணம் போனதில் பயனும் போயிருக்கும். சிறிது சிறிதாக வாங்குவதே மேல். 2 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். மாத்திரையும் இதுவும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்போர், கருவுற்றிருப்போர், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோர் தாமாகத் தொடவே கூடாது. வெறும் வயிற்றில் மிகுதியாக உண்டு எரிச்சலில் துடித்தோரை நானே கண்டிருக்கின்றேன்.

காக்கா இப்போது கடைக்கு வருகின்றார், அல்ஹம்துலில்லாஹ். கல்லாப் பெட்டியருகே மாத்திரை அட்டையும், மருத்துவர் இசைந்த அளவுக்குக் கருஞ்சீரகச் சிமிழும் ஒன்றாக இருக்கின்றன. சென்ற வாரம் வகுப்பில் அந்த ஹதீஸை மீண்டும் எடுத்தேன். என் பழைய பிழையையும் சபையில் சொன்னேன். பாங்கு வரை விளக்கியும் முடியவில்லை, மறுநாளும் தொடர்ந்தேன். இரு நாளும் காக்கா முன்வரிசையில் அமர்ந்திருந்தார், காலை நீட்டியபடி.