இங்கே சாகக் கூடாது!

ஜப்பானில் ஹிரோஷிமா போகிறவர்களுக்கு டூர்க்காரர்கள் ஒரு ஒருநாள் பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். காலையில் அணுகுண்டு நினைவிடங்கள், மத்தியானம் மியாஜிமா என்கிற புனிதத் தீவு. கைடு கொடியோடு முன்னால் நடக்க, மாப்பிள்ளை அழைப்புக் கூட்டம் மாதிரி நாம் பின்னால் போக வேண்டியதுதான்.

முதலில் அந்த எலும்புக்கூடு டோம். 1915-ல் கட்டிய பொருட்காட்சிக் கட்டடம். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15-க்கு கிட்டத்தட்ட அதன் தலைக்கு மேலேயே குண்டு வெடித்தது. அந்த வருஷக் கடைசிக்குள் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர். மியூசியத்தில் 8.15-லேயே நின்றுபோன வாட்ச் இருக்கிறது. எவ்வளவு வாயாடிக் கூட்டமும் அதன் முன்னால் கப்சிப்!

பூங்காவில் 1964-ல் ஏற்றிய தீபம். உலகத்தின் கடைசி அணுகுண்டும் ஒழிந்த பிறகுதான் அணைப்பார்களாம். பி.காம். மூளை கணக்குப் போட்டது: எரிபொருள் பில் இப்போதைக்கு நிற்காது ஸார்!

அப்புறம் மியாஜிமாகுச்சியிலிருந்து பத்து நிமிஷப் படகு. 2023-லிருந்து தலைக்கு 100 யென் வரி வேறு. இறங்கினால் மான்கள் வரவேற்கும். அசந்தால் கையிலிருக்கிற மேப்பைத் தின்றுவிடும். கடலுக்குள் சுமார் 16 மீட்டர் உயரத்தில் சிவப்புத் தோரண வாசல். 1875-ல் எழுப்பியது. தூண்களை மண்ணில் புதைக்கவில்லை. சொந்தக் கனத்திலேயே நிற்கிறது.

தீவே சாமி என்பதால் பழங்காலத்தில் ஒரு கட்டுப்பாடு. இங்கே யாரும் பிறக்கக் கூடாது, சாகவும் கூடாது. பிரசவ வலியா? கடைசி மூச்சா? ஏறு படகில், போ அக்கரைக்கு! இன்றைக்கும் தீவில் மயானம் கிடையாது.

சிரிப்பு வருகிறதா? காலையில் பார்த்த ஊர் இருப்பது அந்த அக்கரையில்தான். சாவுக்குப் போட்ட தடை தீவோடு நின்றுவிட்டதே!